பெட்டிக்குள் இருக்கிறது, தேடினால் கிடைக்கவில்லை

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சித்தப்பா போன் செய்தார். “தம்பி, ஊர் வீட்டுக்கு 1987-ல தாத்தா ஒரு வில்லங்கம் எடுத்து வச்சிருந்தாருல்ல, அது உன் கம்ப்யூட்டர்லதான இருக்கு? பேங்க்ல கேக்குறாங்க.”

“இருக்கு சித்தப்பா, ரெண்டு நிமிஷம் லைன்லயே இருங்க” என்றேன். அந்த ‘ரெண்டு நிமிஷம்’ என்ற சொல்லை விழுங்கியிருக்கலாம்.

தாத்தாவின் தாள்களை ஸ்கேன் செய்து ஏற்றிவைத்திருந்த மென்பொருளின் தேடல் பெட்டியில் ‘வில்லங்கம்’ என்று அடித்தேன். முடிவுகள்: 0. சரி, ஆண்டை வைத்துப் பிடிப்போம் என்று ‘1987’ அடித்தேன். 63 தாள்கள் வந்து நின்றன. மின்கட்டண அட்டை, யாருடையதோ கல்யாணப் பத்திரிகை, கூட்டுறவுச் சங்கத்திலிருந்து தாத்தாவுக்கு வந்த கடிதம், இன்னும் என்னென்னவோ. “அப்புறம் கூப்பிடுறேன் சித்தப்பா” என்று வைத்துவிட்டேன்.

ஆவண மேலாண்மை மென்பொருளில் தேடுகிறவர்கள் படும் பாடு பெரும்பாலும் இந்த இரண்டுதான். ஒன்றுமே வராது, இல்லாவிட்டால் ஊரே திரண்டு வரும். எளிய தேடல், மேம்பட்ட தேடல் என்று இரண்டு கதவுகள் இருப்பதும் இதற்காகத்தான். எந்த நேரத்தில் எந்தக் கதவைத் தட்டுவது என்று மனப்பாடம் செய்ய வேண்டியதில்லை. உள்ளே என்ன நடக்கிறது என்று ஒருமுறை பார்த்துவிட்டால் போதும்.

அதற்கு முன் ஒரு வார்த்தை. கணினியில் ஃபோல்டர் போட்டு அடுக்குவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? ஃபோல்டரில் ஒரு தாள் ஓரிடத்தில்தான் இருக்கும். வீட்டு வரி ரசீதை ‘வீடு’ ஃபோல்டரில் போடுவதா, ‘வரி’யில் போடுவதா, ‘2019’-இல் போடுவதா என்று யோசித்தே பாதி நாள் போய்விடும். ஆவண மேலாண்மை மென்பொருளில் அந்தக் கவலை இல்லை. தாள் எங்கேயோ இருக்கும், அதன் மேல் எத்தனை சீட்டு வேண்டுமானாலும் ஒட்டிக்கொள்ளலாம், உள்ளே இருக்கும் எழுத்தையும் மென்பொருளே படித்து வைத்துக்கொள்ளும். பெரிய அலுவலகங்களில் ஷேர்பாயின்ட், அல்ஃப்ரெஸ்கோ என்று இருக்கும். வீட்டில் வைத்துக்கொள்ள பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் போன்ற கட்டற்ற மென்பொருள்கள் உண்டு. எதுவும் இல்லாதவர்கள் கூகுள் டிரைவை வைத்தே ஓட்டுகிறார்கள். இந்த மாதிரி மென்பொருள்கள் பலவற்றின் அடியில் லூசின் என்ற தேடல் நிரல்தொகுப்பு இருக்கிறது. டக் கட்டிங் என்பவர் 1999-இல் எழுதியது. சோலர், எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருள்கள் இரண்டும் அதன் மேல் கட்டியவை. என்னிடம் இருப்பதும் அந்த வம்சம்தான், கீழே நான் சொல்லும் குறிகளும் அந்த வம்சத்தின் குறிகள்தான். உங்களுடையதில் ஒன்றிரண்டு மாறலாம், அடிப்படை மாறாது.

தேடும்போது தாளை யாரும் புரட்டுவதில்லை

பழைய தமிழ்ப் பதிப்புகள் கையில் இருந்தால் கடைசிப் பக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். ‘செய்யுள் முதற்குறிப்பு அகராதி’ என்று ஒன்று இருக்கும். பாட்டின் முதல் சொல் நினைவிருந்தால் பக்கம் கிடைத்துவிடும். சில பதிப்புகளில் கூடவே ‘அரும்பத அகராதி’யும் இருக்கும். பாட்டின் நடுவில் வரும் சொல் மட்டும் நினைவிருக்கிறவர்களுக்கு அது. இரண்டையும் யாரோ ஒருவர் உட்கார்ந்து, நூல் முழுவதையும் படித்து, முன்கூட்டியே தயாரித்து வைத்திருக்கிறார். நாம் தேடுவது நூலில் இல்லை, அந்தப் பட்டியலில்.

மென்பொருளும் அதேதான் செய்கிறது. ஒரு தாளை உள்ளே போட்டதும், அது படமாக இருந்தால் எழுத்துணரி அதை எழுத்தாக மாற்றும். அப்புறம் எழுத்தைச் சொல் சொல்லாக வெட்டி, எந்தச் சொல் எந்தெந்தத் தாளில் வருகிறது என்று பட்டியல் போடும். என்னுடைய மூன்று தாள்களில் இருந்து ஒவ்வொரு துண்டு:

தாள் 17: மேற்படி கிணற்றில் பாதிப் பங்கு
தாள் 42: மின் இணைப்புக் கட்டண ரசீது
தாள் 58: கிணற்று மோட்டார் மின் இணைப்பு

இதிலிருந்து எழும் பட்டியலில் சில வரிகள்:

இணைப்பு – 58
இணைப்புக் – 42
கிணற்றில் – 17
கிணற்று – 58
மின் – 42, 58

‘மின்’ என்று தேடினால் மென்பொருள் அந்த வரிக்குப் போய் 42, 58 என்று எடுத்து நீட்டும். ஆயிரம் தாள் இருந்தாலும் பத்து லட்சம் இருந்தாலும் கண் இமைப்பதற்குள் விடை வருவது இதனால்தான். ‘மின் இணைப்பு’ என்று இரண்டு சொல் கொடுத்தால் இரண்டு வரிகளையும் எடுத்து, இரண்டிலும் இருக்கும் எண்ணை மட்டும் காட்டும்: 58.

கொஞ்சம் நில்லுங்கள். தாள் 42-உம் மின் இணைப்பைப் பற்றியதுதானே? அது ஏன் வரவில்லை? அதில் இருப்பது ‘இணைப்பு’ இல்லை, ‘இணைப்புக்’. நமக்கு அது வல்லினம் மிகுந்த இடம். இயந்திரத்துக்கு அது வேறு சொல். ‘கிணறு’ என்று தேடிப் பார்த்தால் இன்னும் மோசம். இரண்டு தாளில் கிணறு இருக்கிறது, ஆனால் பட்டியலில் ‘கிணறு’ என்று ஒரு வரியே இல்லை.

என் ‘வில்லங்கம்’ ஏன் பூஜ்யம் காட்டியது என்று இப்போது புரிந்திருக்கும். தாளின் தலைப்பில் ‘வில்லங்கச் சான்று’ என்றுதான் அச்சடித்திருப்பார்கள். ‘வில்லங்கம்’ என்று சொல்வது நாம், தாள் அப்படிச் சொல்வதில்லை.

எளிய தேடல்: அரிய சொல்லைக் கொடுங்கள்

ஒற்றைப் பெட்டி, அதில் சொல், ஒரு தட்டு. எளிய தேடல் அவ்வளவுதான். இதில் வரும் பெரும்பாலான ஏமாற்றத்துக்குக் காரணம், நாம் தாளின் வகையை அடிப்பது. ‘பட்டா’ என்று அடித்தால் பட்டா எல்லாம் வரும், பட்டாவைப் பற்றிப் பேசும் கடிதமும் வரும், வக்கீல் நோட்டீஸும் வரும். தாள்களில் பொதுவாக வரும் சொல்லுக்குத் தேடலில் மதிப்பில்லை. பக்கத்து நிலத்துக்காரர் பெயர், ஊரின் பெயர், பத்திர எண், வங்கிக் கணக்கின் கடைசி நான்கு இலக்கம் என்று அந்தத் தாளில் மட்டும் வரக்கூடிய ஒன்றைக் கொடுக்க வேண்டும்.

மென்பொருளும் இப்படித்தான் யோசிக்கிறது. பல தாளில் வரும் சொல்லுக்குக் குறைந்த எடை, சில தாளில் மட்டும் வரும் சொல்லுக்குக் கூடுதல் எடை என்று 1972-இல் காரன் ஸ்பார்க் ஜோன்ஸ் என்ற கேம்பிரிட்ஜ் ஆய்வாளர் எழுதினார். இன்றைக்கும் தேடல் முடிவுகளை வரிசைப்படுத்தும் கணக்கில் அது இருக்கிறது. ஆகவே ‘பட்டா செல்லாயி’ என்று அடித்தால் ‘செல்லாயி’தான் வேலையைச் செய்யும், ‘பட்டா’ சும்மா துணைக்கு வரும்.

இரண்டு சொல் கொடுக்கும்போது ஒன்றைக் கவனியுங்கள். சில மென்பொருள்கள் இரண்டும் இருக்கும் தாளை மட்டும் தரும். சில, இரண்டில் எது இருந்தாலும் தரும். உங்களுடையது எது என்று கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. ஒரு சொல்லைத் தேடுங்கள், அதனுடன் இன்னொன்றைச் சேர்த்துத் தேடுங்கள். எண்ணிக்கை குறைந்தால் முதல் வகை, கூடினால் இரண்டாம் வகை.

சொற்கள் அடுத்தடுத்து அதே வரிசையில் வர வேண்டும் என்றால் இரட்டை மேற்கோள் குறிக்குள் போட வேண்டும். இதன் அருமை சர்வே எண்ணைத் தேடும்போதுதான் தெரியும். ‘112/3ஏ’ என்று இருப்பதைப் பெரும்பாலான மென்பொருள்கள் சாய்கோட்டில் வெட்டி ‘112’ என்றும் ‘3ஏ’ என்றும் இரண்டு சொல்லாக வைத்துக்கொள்ளும். மேற்கோள் இல்லாமல் தேடினால் எங்கோ 112 ரூபாயும் வேறெங்கோ 3ஏ பேருந்தும் இருக்கும் தாள்கூட வந்து நிற்கலாம். போதாததற்கு, லூசின் வம்சத்தில் சாய்கோட்டுக்கு வேறு ஒரு வேலை கொடுத்து வைத்திருக்கிறார்கள், வெறுமனே அடித்தால் பிழை என்று திட்டவும் செய்யும். “112 3ஏ” என்று மேற்கோளுக்குள் கொடுத்தால் 112/3ஏ, 112-3ஏ இரண்டும் மாட்டும். ஒரே நிலத்துக்கு ஒரு தாளில் ஆங்கில ஏ, இன்னொரு தாளில் தமிழ் அ போட்டிருப்பார்கள். அதற்கு இரண்டு முறை தேடுவதைத் தவிர வழியில்லை.

தமிழில் தேடுவதென்றால் நட்சத்திரம் இல்லாமல் முடியாது

ஆங்கிலத்தில் வேர்ச்சொல்லைப் பிரித்தெடுக்கும் நிரல்கள் நெடுநாளாக இருக்கின்றன. மார்ட்டின் போர்ட்டர் எழுதிய புகழ்பெற்ற நிரல் 1980-இல் வந்தது. அவரே பின்னால் தொடங்கிய ஸ்னோபால் தொகுப்பில் இப்போது தமிழுக்கும் ஒன்று உண்டு. ஆனால் அதை உங்கள் மென்பொருளில் யாராவது இணைத்திருக்க வேண்டும், பெரும்பாலும் இணைத்திருக்க மாட்டார்கள். ஆகவே வேற்றுமை உருபையும் சந்தியையும் நாமேதான் சமாளிக்க வேண்டும். கருவி, நட்சத்திரக் குறி. ‘இதற்குப் பின்னால் எது வந்தாலும் சரி’ என்று அதற்குப் பொருள்.

‘வில்லங்க*’ என்று தேடினால் வில்லங்கம், வில்லங்கச், வில்லங்கத்தை, வில்லங்கமும் எல்லாம் வரும். மகர ஈற்றுச் சொற்களுக்கு இது எளிது, ‘ம்’மை வெட்டிவிட்டு நட்சத்திரம் போட்டால் முடிந்தது. பத்திரம் என்றால் ‘பத்திர*’, கட்டணம் என்றால் ‘கட்டண*’.

வீடு, கிணறு போன்ற சொற்களுக்கு என்ன செய்வது? ‘வீடு*’ என்று போட்டால் வீடும், வீடுகள் வரும், வீட்டில் வராது. இங்கே கணினி தமிழை எப்படிச் சேமிக்கிறது என்பது நமக்கு உதவிக்கு வருகிறது. ஒருங்குறியில் (யூனிகோடில்) ‘டு’ என்பது ட, அதன் பின் உகரக் குறி என்று இரண்டு துண்டு. ‘ட்’ என்பதும் ட, அதன் பின் புள்ளி என்று இரண்டு துண்டு. மெய்யோடு அகரம் சேர்ந்து உயிர்மெய் ஆகிறது என்று பள்ளியில் படித்தோம். கணினியில் நேர் தலைகீழ், ட-தான் அடிப்படை, அதன் மேல் புள்ளி வைத்தால் மெய். இலக்கணம் தெரிந்தவர்களுக்கு வருத்தமாகத்தான் இருக்கும், ஆனால் தேடும்போது இதில் ஒரு லாபம். கடைசி எழுத்தின் குறியை எடுத்துவிட்டு, ‘வீட*’ என்று தேடுங்கள். வீடு, வீட்டில், வீட்டுக்கு, வீட்டின், வீடுகள் என்று அத்தனையும் அந்த வலையில் விழும். ‘கிணற*’ என்றால் கிணறு, கிணற்றில், கிணற்று மூன்றும் வரும்.

வலை பெரிதானால் குப்பையும் வரும். ‘நில*’ என்று ஒருமுறை தேடினேன். நிலம், நிலத்தில் வந்தன. கூடவே நிலை, நிலவரம், நிலுவை எல்லாம் வந்தன. ஏனென்றால் ‘லை’யும் ‘லு’வும் கணினிக்கு ‘ல’வில்தான் தொடங்குகின்றன. எங்கள் வீட்டில் நிலத்தைவிட நிலுவை அதிகம் என்பது அன்றைக்குத்தான் எண்ணிக்கையோடு தெரிந்தது. இந்த மாதிரி நேரத்தில் ‘நிலம்’, ‘நிலத்*’ என்று இரண்டாகப் பிரித்துக் கொடுப்பது நல்லது.

நட்சத்திரத்தில் இன்னும் சில சிக்கல்கள் உண்டு. மேற்கோள் குறிக்குள் அது பெரும்பாலும் வேலை செய்யாது. சொல்லின் முதலில் போட்டால் பல மென்பொருள்கள் ஏற்காது, ஏற்றாலும் நேரம் எடுக்கும். பட்டியல் அகரவரிசையில் இருப்பதுதான் காரணம், ‘வில்’ என்று தொடங்கும் சொல்லை அகராதியில் எடுப்பதற்கும் ‘லங்கம்’ என்று முடியும் சொல்லை எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம். நட்சத்திரம் போட்டுத் தேடினால் முன்பு சொன்ன எடைக்கணக்கும் பொதுவாகப் போய்விடும், முடிவுகள் தரவரிசையில் இருக்காது. கூட ஒரு அரிய சொல்லையும் சேர்த்துக்கொண்டால் சரியாகிவிடும்.

எழுத்துணரி செய்யும் பிழைக்கு வேறு மருந்து. டெசராக்ட் என்ற எழுத்துணரியைத்தான் கட்டற்ற மென்பொருள்களில் பல பயன்படுத்துகின்றன. எச்பி ஆய்வகத்தில் 1980-களில் தொடங்கி, 2005-இல் கட்டற்றதாக வெளியானது. அதற்குத் தமிழும் தெரியும், ஆனால் தமிழ் மொழிக்கோப்பை நிறுவி, ‘தமிழும் படி’ என்று அமைப்பில் சொல்லியிருக்க வேண்டும். சொல்லாவிட்டால் தமிழ்த் தாளை ஆங்கிலம் என்று நினைத்துப் படித்து ஏதோ கிறுக்கி வைத்திருக்கும். சரியாகச் சொன்னாலும், மங்கிய தாளில் புள்ளியைத் தவறவிடும், துணைக்காலை ‘ர’ என்று படிக்கும், ‘ன’வுக்கு ‘ள’ போடும். இதற்கு அலைக்குறி இருக்கிறது. சொல்லின் கடைசியில் ~ போட்டால், ஒன்றிரண்டு எழுத்து மாறியிருந்தாலும் பரவாயில்லை, கொண்டு வா என்று பொருள். எத்தனை எழுத்து மாறியிருக்கிறது என்று எண்ணும் முறையை லெவன்ஷ்டைன் என்ற ரஷ்ய அறிஞர் 1965-இல் வகுத்தார். லூசினில் இரண்டு மாற்றம்வரை பொறுத்துக்கொள்ளும். நீளமான சொல்லுக்கு இது அருமை. ‘மனை’ போன்ற குட்டிச் சொல்லுக்குப் போட்டால் மலை, மழை, மணி என்று உலகமே வரும்.

எந்த மருந்துக்கும் அடங்காதது எழுத்துருச் சிக்கல். பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்பில் திரையில் ‘தமிழ்’ என்று தெரியும். கோப்புக்குள் இருப்பது ஆங்கில ஜே, கே, பி, ஓ, ஓர் அரைப்புள்ளி. அதை ஒருங்குறியில் தேடினால் எப்படிக் கிடைக்கும்? சில பழைய பிடிஎஃப் கோப்புகளில் ‘கொ’வின் ஒற்றைக்கொம்பு ககரத்துக்கு முன்னால் தனியாக உட்கார்ந்திருக்கும். உங்கள் கோப்பு இந்த வகையா என்று தெரிய ஒரு சோதனை போதும். கோப்பிலிருந்து ஒரு வரியை நகலெடுத்து, வேறு இடத்தில் ஒட்டிப் பாருங்கள். ஒட்டியது தமிழாகத் தெரிந்தால் தேடலாம், இல்லாவிட்டால் எழுத்துருமாற்றியில் போட்டு எடுக்க வேண்டும், அல்லது அச்சடித்த தாளாகவே பாவித்து எழுத்துணரியில் விட வேண்டும்.

இன்னொன்று. சொல் வெட்டும் நிரலே தமிழைச் சொதப்பும் இடங்கள் உண்டு. பைத்தான் என்ற நிரல்மொழியோடு வரும் வடிவத்தேடல் (ரெஜெக்ஸ்) நிரல்தொகுப்பு உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தாகவே கணக்கில் எடுப்பதில்லை. ‘தமிழ்’ என்பதை அதனிடம் கொடுத்துச் சொல்லாகப் பிரி என்றால் ‘தம’, ‘ழ’ என்று இரண்டு துண்டாகத் தரும். அதை நம்பி எழுதிய மென்பொருளில் மேலே சொன்ன நட்சத்திர வித்தை எதுவும் பலிக்காது. புதிதாக ஒரு மென்பொருளை நிறுவினால், ஆயிரம் தாளை ஏற்றுவதற்கு முன் ஒரு தமிழ்த் தாளைப் போட்டு, நாலு சொல் தேடிப் பார்த்துவிடுங்கள்.

மேம்பட்ட தேடல்: தாளைப் பற்றித் தெரிந்தது

இதுவரை தாளுக்குள் இருக்கும் சொல்லைத் தேடினோம். பல நேரம் உள்ளே என்ன எழுதியிருந்தது என்று நினைவிருக்காது. யார் கொடுத்தது, எந்த வருடம், என்ன வகை என்பது நினைவிருக்கும். மேம்பட்ட தேடல் அதற்கானது.

சார்பதிவாளர் அலுவலகத்துக்கு இது பழைய செய்தி. 1908-ஆம் ஆண்டுப் பதிவுச் சட்டத்தின் 55-ஆம் பிரிவு, பதிவுப் புத்தகங்களுக்கு நான்கு அட்டவணைகள் வைக்கச் சொல்கிறது. முதல் அட்டவணையில் சொத்துப் பத்திரம் எழுதிக் கொடுத்தவர், எழுதி வாங்கியவர் பெயர்கள். இரண்டாவதில் சொத்தின் விவரம். பத்திரத்தின் முழு வாசகம் அட்டவணையில் இராது. சர்வே எண்ணையும் ஆண்டுகளையும் கொடுத்தால், அட்டவணையைப் பார்த்து, அந்தச் சொத்தின் மேல் நடந்த பதிவுகளை எழுதித் தருவார்கள். அதுதான் வில்லங்கச் சான்று. சித்தப்பா கேட்ட தாளே ஒரு மேம்பட்ட தேடலின் விடைதான். பதிவு செய்யாத கைச்சீட்டு அதில் வராது, அட்டவணையில் ஏறாததை எந்தத் தேடலும் காட்டாது.

மென்பொருளில் மேம்பட்ட தேடலைத் திறந்தால் கட்டம் கட்டமாக ஒரு படிவம் வரும். தலைப்பு, ஆவண வகை, அனுப்பியவர், குறிச்சொல், தேதி. கூகுள் டிரைவில் தேடல் பெட்டியின் வலது ஓரத்துச் சின்னத்தைத் தட்டினால் இதே மாதிரி ஒன்று விரியும். எல்லாக் கட்டத்தையும் நிரப்புவதுதான் ஆரம்பகாலத் தவறு. ஒவ்வொரு கட்டமும் ஒரு சல்லடை, ஒன்றில் தவறான தகவல் போட்டால் சரியான தாளும் வெளியே போய்விடும். நிச்சயமாகத் தெரிந்த ஒன்றை மட்டும் நிரப்புங்கள். முடிவு நாற்பது ஐம்பது என்று வந்தால் இரண்டாவதைச் சேர்க்கலாம்.

தேதிக் கட்டத்தில்தான் அதிகம் பேர் விழுகிறார்கள், நானும் விழுந்தேன். ஒரு தாளுக்கு மூன்று தேதி உண்டு. தாளில் எழுதியிருக்கும் தேதி, மென்பொருளில் ஏற்றிய தேதி, கடைசியாகத் திருத்திய தேதி. 1987-ஆம் வருடத் தாளை நான் ஏற்றியது 2023-இல். கூகுள் டிரைவின் தேதிக் கட்டம் கேட்பது, கோப்பு கடைசியாக மாறிய நாளை. அங்கே போய் 1987 என்று போட்டால் என்ன வரும்? பேப்பர்லெஸ் போன்றவற்றில் தாளின் தேதிக்கும் ஏற்றிய தேதிக்கும் தனித்தனிக் கட்டம் இருக்கும், ஆனால் தாளின் தேதியை மென்பொருள் ஊகித்துத்தான் போட்டிருக்கும். தாளில் ஏழெட்டுத் தேதிகள் இருந்தால் அது எதை எடுத்ததோ.

படிவத்துக்கு அடுத்த படி, இணைப்புச் சொற்கள். ஜார்ஜ் பூல் 1854-இல் எழுதிவைத்த தர்க்கம்தான். ஆங்கிலப் பெரிய எழுத்தில் அண்ட், ஆர், நாட் என்று அடிக்க வேண்டும், சிறிய எழுத்தில் அடித்தால் அதையும் ஒரு சொல்லாகத் தேடப் போய்விடும். மூன்றில் நம்மவர்களுக்கு அதிகம் உதவுவது ‘ஆர்’, அதாவது அல்லது. ஒரே தாளுக்கு நாம் வைத்திருக்கும் பெயர்கள் அத்தனை. கிரயப் பத்திரம், விற்பனை ஆவணம், சேல் டீட் மூன்றும் ஒன்றுதான். சண்முகம் என்ற ஒரே பெயரை ஆங்கிலத்தில் முதலெழுத்து எஸ் மட்டும் போட்டு ஒருவர், எஸ்ஸுடன் எச் சேர்த்து ஒருவர், நடுவில் ஏ-க்குப் பதில் யூ போட்டு ஒருவர் எழுதியிருப்பார். எல்லா வடிவத்தையும் ஒரு அடைப்புக் குறிக்குள் போட்டு, நடுநடுவே ‘ஆர்’ கொடுத்து, வெளியே ‘அண்ட்’ போட்டு ஊர்ப் பெயரைச் சேர்த்தால் தேடல் ஒழுங்காகிவிடும். அடைப்புக் குறியை மட்டும் மறக்கக் கூடாது, மறந்தால் யார் யாரோடு சேர்ந்தார்கள் என்று மென்பொருளே ஒரு முடிவுக்கு வரும்.

‘நாட்’டை நான் அநேகமாகத் தொடுவதில்லை. ‘கல்யாணம்’ வேண்டாம் என்று கழித்தால், ‘கல்யாணம் பிள்ளை’ எழுதிக் கொடுத்த பத்திரமும் சேர்ந்து கழியும். கழிந்தது எது என்று திரையில் காட்டவும் காட்டாது. சொல்லின் முன்னால் ஒட்டியபடி ஒரு சிறு கோடு போட்டாலும் பல இடங்களில் ‘நாட்’ என்றே பொருள், தெரியாமல் போட்டுவிட்டுத் தலையைச் சொறிய வேண்டாம்.

விரித்தால் குப்பை கூடும், சுருக்கினால் வேண்டியது தவறும். 1960-களில் இங்கிலாந்தின் கிரான்ஃபீல்டில் சிரில் கிளெவர்டன் என்ற நூலகர் பல தேடல் முறைகளை அளந்து பார்த்து இதைத்தான் கண்டார். இரண்டையும் ஒருசேரப் பிடிக்க முடியாது என்பதால், எது தவறினால் நஷ்டம் என்று பார்த்துக்கொள்ள வேண்டியதுதான். போன வருட மின்கட்டண ரசீது என்றால் சுருக்கித் தேடலாம், கிடைக்காவிட்டால் போகட்டும். சொத்து விவகாரம் என்றால் விரித்துத் தேடி, உட்கார்ந்து கண்ணால் சலிக்க வேண்டும்.

சரி, சித்தப்பாவின் தாளுக்கு வருவோம். ‘வில்லங்க*’ என்று தேடினேன், 9 வந்தது. எல்லாமே கணினியில் அச்சான பிற்காலச் சான்றுகள். 1987-ஐ அதனுடன் சேர்த்தேன், 2 மிஞ்சியது, இரண்டும் அது இல்லை. எழுத்துணரி பிழை விட்டிருக்குமோ என்று அலைக்குறி போட்டுப் பார்த்தேன், புதிதாக ஒன்றும் வரவில்லை.

அப்புறம்தான் உறைத்தது. அந்தக் காலத்து வில்லங்கச் சான்றைக் கையால் எழுதித் தருவார்கள். எழுத்துணரி அச்சை ஓரளவு படிக்கும், நீல மசிக் கையெழுத்தைப் பார்த்தால் வாயடைத்துப் போகும். அந்தத் தாளிலிருந்து ஒரு சொல்கூடப் பட்டியலில் ஏறியிருக்காது. எந்தச் சொல்லைத் தேடினாலும் அது கிடைக்கப் போவதில்லை.

அப்படியானால் தாளைப் பற்றி எனக்கு என்ன தெரியும்? ஸ்கேன் செய்தபோது, பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடைக்காரர் கோப்புகளுக்கு வரிசை எண்ணைத் தவிர வேறு பெயர் வைக்கவில்லை. ஏற்றும்போது நான் சோம்பேறித்தனமாக ஒரே ஒரு காரியம் மட்டும் செய்திருந்தேன். தாத்தாவின் டிரங்குப் பெட்டிகள் நான்கு. எந்தப் பெட்டியிலிருந்து எடுத்ததோ அதைக் குறிச்சொல்லாகப் போட்டிருந்தேன். சொத்துத் தாள்கள் இருந்தது மூன்றாம் பெட்டி. மேம்பட்ட தேடலைத் திறந்து, குறிச்சொல் ‘பெட்டி 3’ என்றும், ஆவண வகை ‘எதுவும் குறிக்கப்படவில்லை’ என்றும் கொடுத்தேன். அச்சுத் தாள்களுக்கெல்லாம் வகை போட்டிருந்தேன், படிக்க முடியாதவற்றை அப்புறம் பார்க்கலாம் என்று விட்டிருந்தேன். விட்டது இப்போது உதவியது. இருப்பதை வைத்துத் தேடுவது போலவே இல்லாததை வைத்தும் தேடலாம், பல மென்பொருள்களில் இந்த வசதி இருக்கிறது, யாரும் தொடுவதில்லை.

14 தாள்கள் வந்தன. சிறு படங்களாகப் பார்த்துக்கொண்டே போனதில் ஆறாவது, வட்ட முத்திரையோடு, பக்கவாட்டில் படுத்துக் கிடந்தது.

சித்தப்பாவைக் கூப்பிட்டேன். ரெண்டு நிமிஷம் என்று சொல்லி ஒன்றே கால் மணி நேரம் ஆகியிருந்தது.

“கிடைச்சிருச்சு சித்தப்பா. வாட்ஸ்அப்புல போடுறேன்.”

“போடு, போடு. அதுக்கு முன்னாடி, அதுல தாத்தா பேருக்கு இனிஷியல் என்ன போட்டிருக்குன்னு பாரு. பேங்க்ல அதைத்தான் மொதல்ல பாப்பாங்க.”

படத்தைத் திருப்பி, பெரிதாக்கிப் பார்த்தேன். ‘மு’வா ‘ழு’வா என்று எனக்கும் தெரியவில்லை.